கல்லை இடித்தவள்: தங்கவயலிலிருந்து செனாய் வரை

திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மைசூரின் கிழக்கு எல்லையை அளந்து குறிக்க 1802இல் வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், அந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். காட்டுபவர்களுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்தார் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்முன்னே அலசி, பொன்துகளைக் காட்டினார்கள். அடுத்து மாரிக்குப்பத்துக்குப் போனார். அங்கே ஆண்கள் குறுகலான குழிகளுக்குள் இறங்கிக் கல்லை வெட்டி, கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். மேலே வந்த கல் பெண்களின் கைக்குப் போனது. அவர்கள் அதைப் பாறைமேல் போட்டு மாவாக இடித்தார்கள். அந்த மாவை நீரில் அலசிய பிறகுதான் தங்கம் கண்ணில் பட்டது. இந்தத் தொழிலைச் செய்தவர்கள் பறையர்கள் என்று வாரன் குறித்துவைத்தார்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து தங்கிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் படைவீரர் வாரனின் குறிப்பைப் படித்தார். 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்ப் பார்த்தார். 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். கோலார் தங்கவயல் வரலாற்று நூல்கள் அவரை முன்னோடி என்கின்றன. கல்லை இடித்த பெண்ணோ அடுத்த நூறாண்டில் வேறொரு பெயரில்தான் பதிவேடுகளில் வருகிறாள்: தொழிலாளியின் மனைவி.

தங்கத்தைப் பிரித்தெடுத்தவள் எப்படித் தங்கம் எடுப்பவனின் மனைவி மட்டுமாக ஆனாள்? அதே காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் கப்பலேறி, மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போன பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? ஜொகூர் மாநிலத்தின் செனாயிலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

முன்னோடியின் மனைவி என்பவள் யார்?

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் ஆங்கில நூல்கள் தந்தது: ஆளரவமற்ற இடத்தில் கணவனோடு போய்க் குடியேறி, காய்ச்சலையும் தனிமையையும் தாங்கி, பிற்காலத்தில் நினைவுக் குறிப்பு எழுதும் வெள்ளைக்காரப் பெண். மலாயாவிலும் அப்படி ஒருவர் இருந்தார். சிலாங்கூரின் லங்காட்டில் அதிகாரியாக இருந்தவரின் மனைவி எமிலி இன்னெஸ், 1885இல் வெளியிட்ட நூலில் சதுப்பு நிலத்து வாழ்க்கையின் எரிச்சலை ஒளிவுமறைவின்றி எழுதினார். மலாயாவைப் பொன்னாட்டைப் போலச் சித்திரித்த இசபெல்லா பேர்டின் பயண நூலுக்கு அது ஒரு பதிலடி.

சுரங்க முன்னோடியின் மனைவி என்றால் மலாயாவில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் கோக் காங் கியூ. ஈயச் சுரங்கங்களை நம்பி முளைத்த கோலாலம்பூரின் கப்பித்தானாக (சீனர் தலைவராக) இருந்து 1885இல் மறைந்த யாப் ஆ லோயின் மனைவி, மலாக்காவைச் சேர்ந்தவர். அந்தக் குடியிருப்பு உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் மறுபடி அழிந்தது. ஒவ்வொரு முறையும் அது எழுந்தது. யாப் ஆ லோயின் பெயர் இன்று தெருவுக்கு இருக்கிறது. அவர் தொடங்கிவைத்த சின் சே சி யா கோயிலில் மனைவிக்கும் இடமுண்டு.

தமிழில் அந்த இடத்தை வெகுகாலம் கழித்துத்தான் ஒரு சினிமா நிரப்பியது. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) படத்தில் பார்வதி நடித்த கங்கம்மா கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளுடைய ஊர், சாதி, பயணம் மூன்றும் கற்பனையல்ல. வட ஆர்க்காட்டின் பண்ணைகளை விட்டுக் கோலாருக்கு நடந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை அது. கங்கம்மாக்களுக்குச் சிலையும் இல்லை, நினைவுக் குறிப்பும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது ஓர் ஊர்.

தட்டி வீட்டிலிருந்து ஊர்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பொறுப்பை ஏற்றது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற செழிப்பான தங்கப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும் தங்கவயல் ஓடத் தொடங்கியது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே கோலாரின் இயந்திரங்கள் மின்சாரத்தில் சுழன்றன. 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் இங்கே 38 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பு இது புதர் மண்டிய மேடு.

வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டியால் தடுத்த ஒற்றை அறை. பத்தடிக்குப் பத்தடி என்று சொல்லிப் பழகிய அளவு. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். சுரங்கக் கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. ஆழத்தில் வேலை செய்யப் பழகிய ஆள் திரும்பி வராவிட்டால் புதியவனைப் பழக்க வேண்டும். அவனை நிறுத்திவைக்க வழி என்ன? அவன் குடும்பம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தை நடத்திய பெண்ணின் வேலையே, கூலி கொடுக்காமல் கம்பெனிக்குக் கிடைத்த மிகப் பெரிய உழைப்பு. தட்டி வீட்டில் அடுப்பு எரிந்தபோதுதான் முகாம் ஊரானது.

அந்த அடுப்பைச் சங்கு ஆண்டது. ஷிஃப்ட் மாற்றத்துக்குச் சங்கு ஊதும் நேரத்தைப் பொறுத்து உலை வைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரே வீட்டில் கணவன் ஒரு ஷிஃப்ட், மகன் வேறொரு ஷிஃப்ட் என்றால் அவளுக்கு இரவு பகல் வேறுபாடு இல்லை. நடுப்பகலில் தூங்குகிறவனுக்காகப் பிள்ளைகளை ஓசைப்படாமல் வைத்திருப்பதும் ஒரு வேலை. மேல்தரையின் சில்லறை வேலைகளில் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் கல்லை இடிக்க இப்போது இயந்திர உலக்கைகள் வந்துவிட்டன, தங்கத்தைப் பிரிக்க சயனைடு வந்துவிட்டது. 1802இல் வாரன் கண்ட பெண்ணின் கைத்திறனை இரும்பும் வேதிப்பொருளும் எடுத்துக்கொண்டன. தொழிலின் நடுவில் இருந்தவள் வீட்டுக்குள் போனாள். அவள் அரைத்த மாவின் வாரிசுபோல, ஊரைச் சுற்றிக் கழிவுத் தூளின் சயனைடு மேடுகள் எழுந்தன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் அடுக்களைவரை வந்தது.

நுரையீரலில் தங்கிய கல்

சுரங்கத்தின் ஆபத்தைக் கணவனோடு சேர்த்து மனைவிதான் சுமந்தாள். ஆழம் கூடக் கூடப் பாறையின் அழுத்தம் திடீரென்று வெடித்து வெளிப்படும். அதை ராக் பர்ஸ்ட் என்று தங்கவயலில் குழந்தைகூடச் சொல்லும். 1890களின் கடைசியிலிருந்தே இவை பதிவாகியுள்ளன. நிலத்தடியில் அது நிகழ்ந்தால் மேலே வீட்டுச் சுவரும் அதிரும். பாத்திரம் உருண்டு விழுந்த மறுகணமே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம்வரை போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்ற பெருமையை, வாசலில் நின்றவள் எப்படிக் கேட்டிருப்பாள்?

திடீர்ச் சாவைவிட மெதுவான சாவு அதிகம். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. 1940 முதல் 1946 வரை நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் என்பது ஒவ்வொரு குடியிருப்பு வரிசையிலும் ஏறக்குறைய ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் இருமல் என்று பொருள். மூச்சு வாங்கும் ஆளுக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி வீடும் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று குடும்பத்தை ஓட்டியவள் மனைவி. இட்லி விற்றும், ஆடு மாடு வைத்தும், சீட்டுப் பிடித்தும், அடகு வைத்தும் அவள் செய்த கணக்கு எந்தக் கம்பெனிப் பேரேட்டிலும் ஏறவில்லை.

ஆனாலும் தங்கவயல் வெறும் துயரக் கதையல்ல. சாதிக் கிராமத்தின் எல்லைக்கோடு இல்லாத இடத்தில் ரொக்கக் கூலி கையில் வந்தபோது புதிய சிந்தனைகளுக்கு இடம் பிறந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பின்பு 1920களில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. தொழிலாளர்களிடம் கைரேகைப் பதிவு எடுப்பதை எதிர்த்து 1930இல் மூன்று வாரங்கள் சுரங்கமே நின்றது. மூன்று வாரம் கூலி இல்லாத வீட்டில் யார் எப்படி உலை வைத்தார்கள் என்ற கேள்வியைக் கேட்டால், வேலைநிறுத்தத்தின் மறுபாதியும் கண்ணில் படும்.

அக்கரையில்

இனிச் செனாய்க்கு வருவோம். ஜொகூர் பாருவுக்கு வடக்கே, கூலாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது செனாய். ஹக்கா சீனர்களின் குடியேற்றத்தில் வளர்ந்த சிற்றூர். ஜொகூரில் காடு திறக்கப்பட்டது முதலில் மிளகுக்கும் கம்பீருக்கும்; ஆற்றோரங்களைக் காங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்கள் ஆண்ட அந்த முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1909இல், ஜொகூர் பாருவரை ரயில் பாதை வந்துவிட்டது. பாதையின் இருபுறமும் ரப்பர் ஏறியது. ரப்பரோடு தமிழர்களும் வந்தார்கள்.

மலாயாவின் சுரங்கம் தமிழர் கைக்கு வரவில்லை. ஈயச் சுரங்க வேலை பெரும்பாலும் சீனர்களுடையதாகவே இருந்தது. அதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ஆற்று மணலை மரத் தட்டில் அலசி ஈயமணலைப் பிரிக்கும் துலாங் வேலைக்கான அனுமதிச் சீட்டு பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது. இடுப்பளவு நீரில் நின்று தட்டைச் சுழற்றிய ஹக்காப் பெண்ணும், மாரிக்குப்பத்தில் மாவை அலசிய தமிழ்ப்பெண்ணும் ஒரே கை அசைவைச் செய்தவர்கள். ஒரு வேறுபாடுதான்: துலாங் பெண்ணின் கையில் அவள் பெயருக்கு ஒரு சீட்டு இருந்தது.

தோட்டத்துக்கு வந்த தமிழ்ப்பெண்ணுக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. செக்ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டில் அவள் பெயர் தனியாக ஏறியது. பால்மரம் வெட்டுவதற்கு ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை. கூர்மையான உளியும் நிதானமான கையும் போதும். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அந்த நிதானம் பெண்களுக்கு நன்றாகவே வந்தது. தோட்ட நிர்வாகத்துக்கு இன்னொரு லாபமும் இருந்தது. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே நிரை, ஒரே உளி, கூலி மட்டும் ஐந்தில் நான்கு பங்கு.

அதற்குமுன் பெண்கள் வந்ததே குறைவு. 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக்கூலி முறையிலும், அடுத்து வந்த கங்காணி முறையிலும் முதலில் ஏறியவர்கள் ஆண்கள். மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு 1911இல் 308 பெண்களே இருந்தார்கள், 1921இல் 406, 1931இல் 482. இந்த எண்கள் ஏறியதன் பொருள், தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் அடுப்புகள் கூடின என்பது. கோலார் கம்பெனி கண்டுகொண்டதைத் தோட்டக்காரர்களும் கண்டுகொண்டார்கள். குடும்பத்தோடு வருபவன் ஓடிப்போக மாட்டான். அவன் மனைவியும் வெட்டுவாள். பிள்ளைகள் வளர்ந்து அடுத்த பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்பார்கள்.

அவளுடைய நாள் இருட்டில் தொடங்கியது. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன் பெரட்டு. அதற்கு முன்பே சமையல் முடிய வேண்டும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போவாள். மரம் மரமாக வெட்டி, திரும்பி வந்து மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோர்வரை சுமந்து நிறுக்க வேண்டும். நடுப்பகலுக்குமேல் வீட்டு வேலை தொடங்கும். கோலார்ப் பெண்ணைச் சங்கு ஆண்டது. இவளைச் சூரியன் ஆண்டது.

காய்ச்சலும் காத்திருந்தது. மலேரியாவைக் காட்டுநோய் என்று எல்லோரும் நினைத்தார்கள். மலாயாவில் மால்கம் வாட்சன் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. மலைப்பகுதியில் காட்டை அழித்து, நிழல் போய், ஓடைநீரில் வெயில் பட்ட பிறகுதான் நோய் பரப்பும் கொசு பெருகியது. முன்னோடிகள் காடு வெட்டியதே நோயை வரவழைத்தது. அதன் முதல் பலி, லயத்தில் பிறந்த குழந்தைகள்.

சோதனை வாசல்

இரண்டு நிலங்களும் ஓர் இடத்தில் விசித்திரமாக ஒன்றுபோலிருந்தன. தங்கவயலில் தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிச்சட்டமும் தனிக்காவலும் இருந்தன. சுரங்கத்திலிருந்து ஏறுபவனின் உடை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் சோதிக்கப்பட்டன. சந்தேகம் என்றால் வீடும் சோதனைக்கு உட்பட்டது. ஜொகூரில் சோதனை வேறு காரணத்துக்கு வந்தது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு 1960வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்கத் தோட்டக் குடியிருப்புகளைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சீனச் சிறுகுடியிருப்புகள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டன. ஜொகூர் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஒன்று. விடியலில் வேலி வாசலைக் கடக்கும் வெட்டுக்காரப் பெண் தன்னோடு சோறு எடுத்துப் போகக்கூடாது. அங்கே ஒரு துகள் தங்கத்துக்கும் இங்கே ஒரு பிடி அரிசிக்கும் உடல் சோதிக்கப்பட்டது.

இதற்குச் சற்று முன்புதான் ஜப்பானியர் காலம் கடந்திருந்தது. 1942க்குப் பிறகு தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதை கொண்டுபோனது. பலர் திரும்பவில்லை. லயங்களில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். சிலர் 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி எடுத்தார்கள். கணவனின் கூலியைச் சார்ந்தவள் என்ற வரையறை அந்த மூன்றரை ஆண்டுகளில் பொருளிழந்துபோனது. போர் முடிந்து தோட்டம் திறந்தபோது பெரட்டுக்கு வந்து நின்றவர்களில் பலர் அந்தப் பெண்களே.

உறுப்பினரும் வாரிசும்

இரண்டு இடங்களிலும் வேலை ஒருநாள் முடிந்தது. 1956இல் மைசூர் அரசும் பின்பு மத்திய அரசும் ஏற்று நடத்திய கோலார்ச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊரில், மூடிய மறுநாள் மிஞ்சியது வீடு யாருக்கு என்ற வழக்கு. இன்றும் விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் ஆண்களோடு பெண்களும் நெரிசலாக ஏறுகிறார்கள். துணி ஆலைக்கு, வீட்டு வேலைக்கு, கடைக்கு. பாட்டி காலத்தில் வீட்டுக்குள் அனுப்பப்பட்டவளின் பேத்தி, வெளியே வேலை தேடி நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் ரயிலில் கழிக்கிறாள்.

மலாயாவில் முடிவு துண்டு துண்டாக வந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கின. இந்தத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்களே மாதம் சில வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கலாம் என்ற திட்டம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்தன. செனாயில் 1974இல் விமான நிலையம் திறந்தது. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போனது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் குழாய்நீரையும் பிள்ளைக் காப்பகத்தையும் பற்றிப் பேசியது. உரிமையைப் பற்றி அல்ல. இந்த வகையில் செனாயும் தங்கவயலும் உடன்பிறப்புகள்.

ஆனால் ஒரு வேறுபாடு நிலைத்தது. 1951இல் மலாயாவில் ஊழியர் சேமநிதி சட்டமானபோது, செக்ரோலில் பெயர் இருந்த பெண்ணின் கூலியிலிருந்து அவள் பெயரிலேயே பணம் பிடிக்கப்பட்டது. கூட்டுறவில் சேர்ந்தவளும் தன் பெயரிலேயே பங்கு வாங்கினாள். கூலியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தவளுக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தப் பெயர்தான். தங்கவயலில் சேமநிதி கணவனுடையது. படிவத்தில் அவளுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் வாரிசுதாரர்.

முன்னோடியின் மனைவி என்ற சொல் இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாக மூடிவிடுகிறது. செனாயில் குறைந்த கூலிக்கு மரம் வெட்டியவள் உறுப்பினரானாள். தங்கவயலில் கூலியே இல்லாமல் ஊரைக் கட்டியவள் கணவன் இறந்தபிறகுதான் கணக்கில் வந்தாள். வாரன் அவளைப் பார்த்த அன்று அப்படி இல்லை. மாரிக்குப்பத்துப் பாறைமேல் கல்லும் தங்கமும் பிரியும் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கல் அவள் கைக்கு வந்துசேரும்வரை அது வெறும் கல்.